நாற்பத்தெட்டு கிராம், ஆறு மில்லி

எட்டாம் வகுப்பில் அடர்த்தி புரியாத பிள்ளைகளிடம் நான் கோபித்துக்கொள்வதில்லை. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, அவ்வளவுதான். இருபது வருடமாகத் தாராவியில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

தம்பி ஸ்டெர்லின் ஏ.சி. மெக்கானிக். அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. வளர்த்தவள் நான். கல்யாணம் வேண்டாமென்று இருந்ததும் அவனுக்காகத்தான். அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஜனவரியில் தூத்துக்குடியிலிருந்து லிசாவைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பெண், அதிர்ந்து பேசமாட்டாள். அவள் வந்தபின் அவன் வேலை முடிந்ததும் நேரே இரும்பு ஏணியில் ஏறி மேல் அறைக்குப் போய்விடுவான். நான் கீழே சோற்றை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் கையில் தடியாக இரண்டு வளையல்கள், அவள் அப்பா சூசைமாணிக்கம் போட்டு அனுப்பியவை. பார்த்தால் பித்தளை மாதிரி இருக்கிறதே என்று ஸ்டெர்லினிடம் சொன்னேன். அவனுக்கு முன்கோபம். போலி என்றால் அவளை ஊருக்கே ரயிலேற்றிவிடுவேன் என்று குதித்தான். தாதரில் ஏதாவது நகைக்கடையில் காட்டிவிடலாம் என்றாள் லிசா.

“கடைக்குப் போனா கோயில் முழுக்கத் தெரிஞ்சிரும்,” என்றேன். “வீட்லயே பாத்துருவோம்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செய்தோம். பள்ளித் தராசில் நாற்பத்தெட்டு கிராம். பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, வளையல்களை மெல்ல இறக்கி, வழிந்ததை அளவு ஜாடியில் பிடித்தேன். ஆறு மில்லி. ஸ்டெர்லினையே வகுக்கச் சொன்னேன். நகைத் தங்கத்துக்குப் பதினேழுக்கு மேல் வரவேண்டும், பித்தளைக்கு எட்டரை என்பதையும் முன்னாலேயே சொல்லிவைத்தேன்.

“எட்டுதான்க்கா வருது,” என்றான். “சாலா,” என்று இந்தியில் வைதான். “கெழவன் ஏமாத்திட்டான்.”

“எங்கப்பா ஏமாத்த மாட்டாவ மைனி,” என்றாள் லிசா. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அவள் போனை அவன் பிடுங்கிக்கொண்டான். அன்றுதான் முதல் அடி. வியாழக்கிழமைக்குத்தான் ரயிலில் இடம் கிடைத்தது. புதன்கிழமை மாலை சூசைமாணிக்கம் என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை போனை எடுக்கவில்லையாம்.

“டீச்சர், அது அரக்கு வச்ச வளையலு. மேல நல்ல தங்கத் தகடு, உள்ள பூரா அரக்கு. அவ அம்மைக்குள்ளது. மாப்பிள்ளைட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு.”

“சொல்லுதேன்,” என்றேன்.

அப்போது மேலே அடி விழுந்துகொண்டிருந்தது. குக்கர் மூன்று விசில் வரட்டும் என்று நின்றேன். இரண்டாவது விசிலில் லிசா ஏணி வழியாகத் தலைகுப்புற வந்து விழுந்தாள். அவன் தள்ளினான், நான் பார்த்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்த அதே நாள்.

அரக்குக்கு அடர்த்தி ஒன்றே சொச்சம். தங்கத்துக்குள் அதை அடைத்தால் மொத்தக் கணக்கு இறங்கிவிடும். சூசைமாணிக்கம் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமையே, லிசா கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது, வளையலின் இணைப்பில் ஊசித் துளையையும் உள்ளே சிவந்த அரக்கையும் பார்த்துவிட்டேன். பாத்திரத்தில் இறக்கி அளந்தும் பார்த்தேன். எட்டு வந்தது. வந்ததால்தான் மறுநாள் அவனை உட்காரவைத்து வகுக்கச் சொன்னேன்.

ஆனால் நான் சொன்ன எண் எதுவும் பொய்யில்லை. அவள் மேல் நான் கை வைத்ததும் இல்லை.

அரக்கு விஷயத்தை ஸ்டெர்லினிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டான். லாக்கப்பில் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்கள். தினமும் மத்தியானம் நானே சோறு கொண்டுவர அனுமதி கொடுங்கள். இனி அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.