பின்னால் நின்று பார்த்தவன்

உன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி என் இடுப்புக்கு ஆகாது, தங்கச்சி. கோபித்துக்கொள்ளாதே, நான் நின்றுகொண்டே சொல்கிறேன். நீ உட்கார். யோகேந்திரன் இப்போதுதான் கண்ணயர்ந்தான், மருந்து வேகத்தில் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டான்.

காலையில் அவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டாய். "அண்ணே, எனக்கும் இடுப்பு புடிச்சிக்கிச்சி. எப்படித் தூக்குறதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்லா" என்றாய். இந்த லுக்குட்டில் அதைச் சொல்லித் தர என்னை விட்டால் ஆளில்லை என்பது உண்மைதான். ஆனால் உன் புருஷனுக்கு நான் என்ன சொல்லித் தந்தேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். மூடி மூடி வைத்து எனக்கும் அலுத்துப் போய்விட்டது.

என் இடுப்பு போனது தோட்டத்தில் எண்ணெய்க்கு வெட்டும் செம்பனைக் குலையால். குலையைக் கம்பியில் குத்தி லாரிக்கு மேலே வீசுவேன். ஒருநாள் உடம்பைத் திருப்பி வீசியபோது உள்ளே ஏதோ நழுவியது. கை உடைந்தால் மாவுக்கட்டு இருக்கும், நாலு பேர் கேட்பார்கள். இடுப்பு வலியை யார் பார்த்தார்கள்? உன் புருஷன் சாப்பாட்டுக் கடையில் வைத்து, "என்னடா புவனேஸ்வரா, புள்ள பெத்தவ மாதிரி நடக்குற? தைலம் தேய்ச்சிட்டு வேலையப் பாருடா" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கெட்டவன் இல்லை, வலி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நம் தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் யாரும் இல்லை. ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால் நீலாயிலிருந்தும் போர்டிக்சனிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். பல்லக்கின் முன் தண்டு என் தோளுக்கு உரியது. அதைத் தூக்குகிறவனுக்குத்தான் பூசாரி பரிவட்டம் கட்டுவார். இடுப்பு போன வருஷம் நானாகத்தான், "இந்த ஒரு வருஷம் நீ புடிடா" என்று அவனிடம் கொடுத்தேன். அடுத்த வருஷம் என்னை யாரும் கேட்கவே இல்லை. பூசாரி அவன் தலையைத் தேடிப் போய்க் கட்டினார். அவன் தன் செருப்பையும் போனையும் என் கையில் கொடுத்து, "கொஞ்சம் பாத்துக்கடா" என்றான். சாமி ஊர்வலம் போய்த் திரும்பும் வரை நான் அந்தச் செருப்போடு வெயிலில் நின்றேன். நீகூட எனக்கு நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாய். நல்ல புளிப்பு. அன்றைக்கு எனக்கு வயிறெல்லாம் எரிந்தது, மோரால் இல்லை.

அதற்குப் பிறகு அவனேதான் என்னைத் தேடி வந்தான். தோளுக்கும் காலுக்கும் பலம் வேண்டுமாம். ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப்போன பழைய ஆயாக்கொட்டகையில்தான் இப்போது எடை தூக்கும் இரும்புக் கம்பியும் பிளேட்டும் கிடக்கின்றன. ஒரு காலத்தில் நான் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காகப் போட்டியில் எடை தூக்கியவன். சொல்லித் தருகிறேன் என்றேன்.

தரையில் கிடக்கும் கம்பியை எடுக்கும்போது கீழ்முதுகு வளையக் கூடாது, தங்கச்சி. நேராக இருந்தால் பாரத்தைத் தொடை தாங்கும். வளைந்தால் எல்லாம் முதுகெலும்புக்கு இடையில் இருக்கும் சவ்வின் மேல் இறங்கும். சிக்கல் என்னவென்றால், தூக்குகிறவனுக்குத் தன் முதுகு தெரியாது. பின்னால் நிற்கிறவன் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அவன் முதுகு இறால் மாதிரி வளைந்திருந்தது. நான், "நேரா இருக்கு, தூக்கு" என்றேன்.

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னேன். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது. கண்ணாடியைப் பார்த்தால் கழுத்து திரும்பும் என்று சொல்லி அதைக் கழற்றவைத்தேன். அது நியாயமான யோசனைதான், எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். போனில் படம் எடுக்கச் சொன்னான். எடுத்தேன், முன்னாலிருந்து. முன்னாலிருந்து எடுத்தால் முகம்தான் தெரியும்.

இடுப்பு வலிக்கிறது என்று அவன் முதலில் சொன்னபோது எனக்கு மனசு லேசாகிவிட்டது. மறைக்கவில்லை, சந்தோஷமாகவே இருந்தது. என் கையாலேயே தைலம் தேய்த்துவிட்டேன். "சதை ஏறுதுடா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி மறுநாள் இன்னும் ஒரு பிளேட்டு போட்டேன். கால் மரத்துப் போகிறது என்றான். கால் மரத்தால் நிறுத்தியாக வேண்டும் என்று சிரம்பானில் என் இடுப்பைப் பார்த்த டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் நிறுத்தவில்லை.

திருவிழா அன்று காலையில் அவன் என்னைக் கோவில் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். "ஒண்ணுக்குப் போக முடியலடா. உக்காருற எடமே மரத்துக் கெடக்கு. புஷ்பாகிட்ட சொல்லிடாத" என்றான். வெட்கம். விரதம் இருக்கிற உடம்பு, சூடுதான் என்று நினைத்துக்கொண்டான். "ஆமாடா, சூடுதான்" என்று ஓர் இளநீரை வெட்டிக் கொடுத்தேன். இது வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடி வரவேண்டும் என்பதும் அதே டாக்டர் எனக்குச் சொன்னதுதான்.

பல்லக்கை எடுக்கக் குனிந்தபோது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பழக்கம். நான் சொன்னேன். தூக்கினான். கோவில் வாசல் வளைவைத் தாண்டுவதற்குள் முழங்காலில் விழுந்துவிட்டான். தண்டு தரையில் படும் முன் நான் தோள் கொடுத்தேன். "விரத மயக்கம்தான், நெழல்ல படுக்கவைங்க" என்று கத்திவிட்டு நடந்தேன். நீ அவனுக்கு விசிறிக்கொண்டு என் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தாய். சாமியை இறக்கி, பரிவட்டம் கட்டிக்கொண்டு, அர்ச்சனையும் முடிந்த பிறகுதான் காரை எடுத்தேன். வழியெல்லாம் எனக்கு இடுப்பு வலிக்கவே இல்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முந்தின நாளே வந்திருந்தால் நரம்பைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். காலையில் வந்திருந்தால்கூடக் கொஞ்சம் நடந்திருப்பானாம். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் இல்லாவிட்டால் அவர் உயிரே போயிருக்கும் என்று அழுதாய். அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

நான் அவனை அடிக்கவில்லை, தள்ளவில்லை. கொஞ்சம் வலி அவனுக்கும் தெரியட்டும் என்றுதான் நினைத்தேன். தெரிந்துவிட்டது. போன வாரம் என்னைப் பார்த்து, "உனக்கும் இப்படித்தான் வலிச்சிச்சாடா? நான் தெரியாம சிரிச்சிட்டேன்" என்று கண் கலங்கினான். என் வலியை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அதனால்தான் தினமும் வருகிறேன். இவ்வளவு பாசமாக அவனை யார் பார்த்துக்கொள்வார்கள், நீயே சொல்.

அழுதது போதும், எழுந்திரு தங்கச்சி. புண் வராமல் இருக்க அவனைப் புரட்ட வேண்டிய நேரம் இது. அவன் தோளுக்கு அடியில் கை கொடுத்துக் குனி. உன் முதுகு உனக்குத் தெரியாது. நான் பின்னால் நின்று பார்த்துச் சொல்கிறேன்.