தேவதூதனுக்கு ஒரு காவடி

யுத்தகாலம். திருத்தணிக் கடைத்தெருவில் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் மிஷன் பள்ளி ஆசிரியை ஒருவர். அவருக்கு முன்னால் தகர டின்னோடு முனியம்மா என்ற பெண்.

"அந்தத் தேவதூதனுக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது, டீச்சரம்மா," என்றாள் முனியம்மா.

ஆசிரியை இரவல் கொடுத்த நாவலைப் பற்றிய பேச்சு அது. வரிசையில் நிற்பவனுக்கு அடுத்தவர் பேச்சை விட்டால் வேறென்ன பொழுதுபோக்கு?

"பசின்னு வாசல்ல வந்து நிக்கிறவனுக்கு அந்தப் பொண்ணு போடாம இருப்பாளா?"

"நல்ல மனசோடதான் போட்டா. ஆனா மனுசங்க சோத்தத் தின்னதும் றெக்கை உதிர்ந்துபோச்சே! அவனக் கெடுக்கணும்னு பின்னாலயே சுத்துன பிசாசு சிரிக்கும்னு பாத்தா, அதுவும் பக்கத்துல குந்திக்கினு அழுவுது. இன்னாமா எழுதியிருக்கான் அந்த மனுசன்! எங்க வூட்டுக்காரர் படிக்கப் படிக்க நானும் அழுதுகினே இருந்தேன்."

"முடிச்சாச்சா?"

"ரெண்டு அத்தியாயம் பாக்கி. வெளக்குல எண்ணெய் இல்ல. அதுக்குத்தான் விடிகாலைலேர்ந்து நிக்கிறேன். முடிவ மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"அவனுக்கு றெக்கை மொளைச்சா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறேன்னு மலைமேல முருகனுக்கு வேண்டிக்கினேன்."

ஆசிரியை சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நானும் ஞாயித்துக்கிழமை கோயில்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணேன்."

"முடிவு தெரிஞ்ச நீங்களுமா? தேவதூதனுக்காகவா?"

ஆசிரியை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இல்ல, முனியம்மா. அந்தப் பிசாசுக்காக."