ஸ்வர்ணாவின் நாடாப்புழு

ஆட்டுக்குடலைப் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், இன்ஸ்பெக்டர். வெந்நீர் பட்டால் உள்ளே இருக்கும் நாடாப்புழு சுருண்டு உருக்குலைந்துவிடும். இதுகூடத் தெரியாமல் புழு ஆராய்ச்சிக்கு வந்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிவாஜி நகர் கசாப்புக் கடையில் வாங்கிய குடலில் அந்தப் புதிய இனத்தைக் கண்டுபிடித்தது நான். அதற்கு என் மகள் ஸ்வர்ணாவின் பெயரை வைத்தேன். எங்கள் துறையில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. சில வருடங்களாக என்னோடு பேசாத பெண், இதைப் பார்த்தாவது வீட்டுக்கு வருவாள் என்று நம்பினேன். கட்டுரையை இதழுக்கு அனுப்பும் பொறுப்பை ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் தியோடரிடம் விட்டேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்கு அவர்தான் நண்பர்.

அச்சில் வந்தபோது எழுத்துகள் மாறி, அது யாருடைய பெயராகவும் இல்லை. முதலில் அச்சேறிய பெயரை எளிதில் மாற்ற முடியாது, அது எங்கள் விதி. தியோடர் வீட்டு ஆய்வறைக்கே போய்க் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் மாத்தினேன் பத்ரி. விட்டுடு குரு," என்றார், எப்போதும் என்னைக் கூப்பிடுவதுபோல்.

பழைய பித்தளை மைக்ராஸ்கோப் நல்ல கனம். முதல் அடியில் மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னத்துக்குள் இறங்கியது. தரையில் கிடந்தபடி பேசினார்.

"ஸ்வர்ணாதான் போன் பண்ணா. அங்கிள், புழுவுக்கு என் பேர் வேணாம்னு ஒரே அழுகை. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

பச்சைப் பொய். பெற்ற தகப்பனுக்குத் தெரியாதா? அந்த வாய் ஓயும்வரை அடித்தேன். நெற்றி எலும்பு உள்ளே போன பிறகுதான் ஓய்ந்தது.

பிறகு நடந்தது பழக்கதோஷம். குடல் வெட்டும் கத்தரிக்கோல் மேஜையிலேயே இருந்தது. வயிற்றைத் திறந்து, குடலை எடுத்து, பச்சைத் தண்ணீரில் நிதானமாகக் கழுவினேன். ஒரு நாடாப்புழு இருந்தது. சாதாரண இனம்தான், எப்போதோ யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். இருக்கட்டுமே.

புட்டியில் போட்டு லேபிள் ஒட்டியிருக்கிறேன். கிடைத்த உடல்: தியோடர். பெயர்: ஸ்வர்ணா. இந்த முறை ஓர் எழுத்தும் தவறில்லை.

அவளை வரச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். இதைப் பார்த்தால் அப்பா மேல் இருக்கிற கோபமெல்லாம் போய்விடும்.