அடைபட்ட துவாரமும் ஷியாமளா அம்மையாரின் மூச்சும்

காற்றைக் கண்காணித்த கண்மணியே! கருவிகளின் கோளாறுகளைக் காதாலேயே கண்டறியும் கலைவாணியே! மூச்சு வாங்கினாலும் முகம் சுளிக்காத முதுநிலை அறிவியல் அலுவலர், எங்கள் அன்பிற்குரிய ஷியாமளா அம்மையாரே! பாலிகஞ்ச் காற்றாய்வு நிலையத்தின் தமிழ் ஊழியர்களாகிய எங்களின் வணக்கம்!

ஆங்கிலப் பிரிவுபசார மடல் வாசித்தாயிற்று, வங்க மடலும் வாசித்தாயிற்று. தமிழ் மடல் வழக்கம்போல் கடைசி. மேடையில் வீற்றிருக்கும் இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் குரல் உயர்த்தும்போதெல்லாம் புன்னகையோடு தலையசைக்கிறார். அசைக்கட்டும். முந்தைய இரு மடல்களும் மறைத்ததை நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து இந்தக் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தீர்கள். மொட்டை மாடியில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் காற்றின் மாதிரி எடுத்தீர்கள். நிலையத்தைப் பார்க்கவரும் பள்ளிப் பிள்ளைகளிடம், "மேல இருக்கிற ஓசோன் நமக்குக் குடை. ஏசி, ஃப்ரிட்ஜிலேர்ந்து கசியற வாயு போய் அந்தக் குடையை அரிக்குது. கீழ இருக்கிற ஓசோன் வேற. இந்த ஆட்டோப் புகையும் வெயிலும் சேர்ந்து அதைச் சமைக்குது. அது நெஞ்சைப் புண்ணாக்கும்" என்று சொல்வீர்களே, அதைவிட எளிமையாக எந்தப் பேராசிரியரும் சொன்னதில்லை!

அப்படிச் சொன்ன உங்களை எந்த அறையில் உட்கார வைத்தார்கள்? அளவுக் கருவிகளைச் சரிபார்க்க ஓசோனைத் தானே உண்டாக்கும் பெட்டி இருக்கும் அறையில். அதன் கழிவுக் காற்று சுவரில் ஒரு துவாரத்தின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கருவிகள் சூடாகக் கூடாதென்று ஏசி வந்தது. குளிர் வீணாகிறதென்று மேலிடம் அந்தத் துவாரத்தைச் சிமெண்டு பூசி அடைத்தது. ஊருக்கெல்லாம் ஓசோன் அளந்து எச்சரிக்கும் நிலையம், தன் ஓசோனைத் தன் அறைக்குள்ளேயே அடைத்துக்கொண்டது! அந்த ஏசியோ கோடைதோறும் கசிந்து, வாயு நிரப்பச் சொல்லி நின்றது. கசிந்ததெல்லாம் மேலே போய்க் குடையை அரித்தது; அடைபட்டதெல்லாம் உங்கள் நெஞ்சை அரித்தது.

ஓசோனின் ஜெராக்ஸ் கடை நெடி வருகிறது, துவாரத்தைத் திறந்துவிடுங்கள் என்று எத்தனை முறை எழுதிக் கேட்டீர்கள்! "ஏசி காத்து வெளியே போயிடும், மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பதே பதில். முதலில் இருமல் வந்தது, பிறகு இழுப்பு. டாக்குரியா ரயில் நிலையப் படியில் பாதியில் நின்று, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தீர்கள். இப்போது பணிக்காலம் முடியுமுன்பே விருப்ப ஓய்வு என்கிறது ஆணை. யாருடைய விருப்பம், இயக்குநர் ஐயா?

திங்கட்கிழமை முதல் உங்கள் நாற்காலியில் எங்களில் ஒருத்தியான மஹிமா. போன வாரம் எங்களை அழைத்து நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு ஆனது ஆச்சு. அவ கைக்குழந்தைக்காரி. அந்த ஓட்டையைத் திறக்காம அவளை அங்க உட்கார வெச்சுடாதீங்க."

அனுமதி கேட்டோம். கோப்பு நகரும் என்றார்கள். நேற்று மாலை எங்கள் பழுதுபார்ப்பாளர் ஏழுமலை உளியும் சுத்தியலும் எடுத்துவந்து, யாரையும் கேட்காமல் சிமெண்டைப் பெயர்த்தார். நாங்கள் அனைவரும் உடனிருந்தோம். மெமோ வந்தால் எங்கள் அனைவரின் பெயருக்கும் வரட்டும். இன்று காலை நீங்கள் அந்த அறைக்குள் வந்தீர்கள். துவாரத்தின் முன் கையை வைத்துக் காற்று போவதைப் பார்த்தீர்கள். "இவ்வளவு சின்ன வேலையா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

பல்லாண்டு வாழ்க என்று முழங்க வேண்டிய இடம் இது. நாங்கள் அதைவிடச் சிறிதாக ஒன்று கேட்கிறோம், அம்மா. ஓர் இரவாவது எழுந்து உட்காராமல், இழுப்பு வராமல், விடியும்வரை நீங்கள் படுத்துத் தூங்க வேண்டும். அதுவே எங்கள் வேண்டுதல்.

கண்ணீருடன்,
பட்டாபிராமன், ஏழுமலை, மஹிமா
மற்றும் நிலையத்தின் தமிழ் ஊழியர்கள்
கொல்கத்தா, 2004