மூன்று விரல் இடைவெளி

ராயபுரத்தில் ஸ்பீட் பிரேக்கர் போட யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை சார். தெருவில் ஒரு பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்தால் போதும், மறுநாள் காலையில் ஒரு சிமெண்டு மேடு எழும்பியிருக்கும். கல்மண்டபத்திலிருந்து என் வீடு வரைக்கும் எந்த மேட்டில் நேராக ஏறலாம், எதில் வண்டியைக் குறுக்கே திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் எவ்வளவு ஜாக்கிரதையான ஆள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் பெயர் ஜெரால்ட். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. இரண்டாயிரத்து இரண்டில் ஒரு ஹோண்டா சிட்டி வாங்கினேன். இரண்டாம் கை வண்டிதான், ஆனால் வி-டெக் இன்ஜின். தெரிந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே குறை, நிற்கும்போது கொக்கு மாதிரி நிற்கும். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் நாலு விரல் தாராளமாகப் போகும். ரோட்டோடு ஒட்டி நின்றால்தான் அந்த வண்டிக்கு அழகு, அதைக் கீழே இறக்க வேண்டும் என்று வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன்.

நம் ஊரில் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. இருக்கிற ஸ்ப்ரிங்கையே இரண்டு சுற்று அறுத்துவிடுவார்கள். என் தோஸ்து தாவூது, தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருந்தவன், அதை மட்டும் செய்யவே மாட்டான். "ஸ்ப்ரிங்க அறுத்தா வண்டி கீய வரும் மாமு, ஆளு மேல பூடுவான்" என்பான். அறுத்த ஸ்ப்ரிங் கட்டையாகிவிடும். பள்ளத்திலோ பாலத்திலோ சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அது தன் கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். வண்டி அதோடு யார் பேச்சையும் கேட்காது. இதற்கென்றே செய்த ஸ்ப்ரிங் அப்படியில்லை. குட்டையாக இருந்தாலும் எப்போதும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் தாவூதுதான்.

நான் எட்டு மாதம் யோசித்தேன். ஜூடியைப் பெண் பார்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிவு செய்தவன், ஸ்ப்ரிங்குக்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் கப்பலில் வேலை செய்யும் ஒருவர் மூலம் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தேன். அதில் இரண்டு வகை உண்டு, ஒரு அங்குலம் இறக்குவது ஒன்று, ஒன்றரை அங்குலம் இறக்குவது ஒன்று. தாவூது சின்னதை எடுக்கச் சொன்னான். "நம்ம ரோடு இன்னா சிங்கப்பூர் ரோடா நைனா?" நான் பெரியதை எடுத்தேன். நல்ல சிவப்பு நிறம். மாட்டி முடித்துக் கீழே இறக்கியபோது டயருக்கு மேலே சரியாக இரண்டு விரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

அதோடு வாழ்வதற்கு ஒரு ஒழுக்கம் வேண்டும். தினமும் காலையில் இடைவெளியில் விரல் வைத்துப் பார்ப்பேன். பின்சீட்டில் யாரையும் ஏற்ற மாட்டேன். பெரிய மேடு வந்தால் ஜூடி இறங்கி, மேட்டைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறிக்கொள்வாள். காசிமேட்டு மீன்காரம்மாக்கள் சிரிப்பார்கள். "இன்னா ஜெரால்டு, வண்டி உன் பொண்டாட்டிய இட்டுகினு போவுதா, உன் பொண்டாட்டி வண்டிய இட்டுகினு போறாளா?" ஜூடியும் கூடச் சிரிப்பாள். அவள் அதை ரசிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அவள் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் ஒருமுறை ரத்தம் பட்டது. குலுக்கல் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார்களாம். "ஏங்க, கொழந்த பொறக்கற வரைக்கும் பழைய ஸ்ப்ரிங்கையே போட்டுடுங்களேன்" என்று கேட்டாள். பரணில் பழையது பத்திரமாக இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு வண்டியின் நிலை என்பது கழற்றி மாட்டும் சட்டை இல்லை. மெதுவாக ஓட்டுகிறேன் என்றேன். இன்னும் சில தடவை கேட்டாள். ஆட்டோவில் போய் வா என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. புரிந்துகொண்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

ஆபீஸ் வேலையாக நான் தூத்துக்குடி போய்விட்டுத் திரும்பிய மறுநாள் காலை, பின்சக்கரத்தில் விரல் வைத்தேன். மூன்று விரல் போனது.

தரையில் படுத்துப் பார்த்தேன். என் சிவப்பு ஸ்ப்ரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே கறுப்பு ரப்பர் கட்டைகள். தொய்ந்துபோன கிழட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொருகுவார்களே, அதுதான். தாவூதின் கையைத் தவிர வேறு எந்தக் கையும் அதை அவ்வளவு சுத்தமாகச் சொருகியிருக்காது. ஜூடி சாவி கொடுக்காமல் அவன் வண்டியைத் தொட்டிருக்கவும் முடியாது. இரண்டு பேரும் சேர்ந்து, நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன் சார் அவன். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதைக் கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். வேறு விதமான துரோகம் என்றால்கூட மன்னித்திருப்பேன் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன்.

நான் கத்தவில்லை. அவர்களாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அந்த வாரம் ஒரு நாள் சாப்பாட்டில் நெத்திலிக் குழம்பை ஊற்றிக்கொண்டே ஜூடி சொன்னாள், "இந்த வாரம் ரோடு கொஞ்சம் பரவால்லல்ல?" கண்ணைப் பார்த்துச் சொன்னாள். தாவூதிடம் போய், பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதே என்று கேட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "வெயிலுக்கு ஸ்ப்ரிங்கு கொஞ்சம் எயுந்துக்கும் நைனா, வுடு" என்றான். ஸ்ப்ரிங்கைப் பற்றி என்னிடமே பொய். அது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரியுமோ தெரியவில்லை.

அவர்களுக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். நம்பி உட்கார்ந்திருக்கும் வண்டிக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள், தனக்கு அது தெரியாது. அவ்வளவுதான் என் யோசனை. பரணிலிருந்த பழைய ஸ்ப்ரிங்குகளில் பின்சக்கரத்துக்கானவற்றை எடுத்துப் போய், திருவொற்றியூரில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறையில் இரண்டு சுற்று அறுத்தேன். அங்கே யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. சிவப்பு பெயிண்ட் அடித்துக் காயவைத்தேன். ஜூடி டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிருந்த மத்தியானம் பின்னால் மாட்டினேன். அதே ரப்பர் கட்டைகளை அதே இடத்தில் சொருகினேன். விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று விரல். தாவூதே குனிந்து பார்த்தாலும் தன் வேலை என்றுதான் நினைப்பான்.

பின்னாலிருந்து கழற்றிய சிங்கப்பூர் ஸ்ப்ரிங் இரண்டும் என் கட்டிலுக்கு அடியில், எண்ணெய் தடவி, துணியில் சுற்றி இருக்கின்றன. நீங்கள் எடுக்கும்போது கொஞ்சம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு, பின்னால் ஏதோ சத்தம் வருகிறது என்று தாவூதிடம் சொன்னேன். சத்தம் என்றால் அவன் எண்ணூர் நெடுஞ்சாலையில் ட்ரையல் பார்க்காமல் விட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்டெய்னர் லாரிகள் குறைவு. கடலோரமாகக் காலியாகக் கிடக்கும் ரோட்டில் நூறில் விட்டுப் பார்ப்பான். அது அவன் வழக்கம்.

அவன் வந்தபோது ஜூடி பையோடு வாசலில் நின்றாள். எண்ணூரில் அவள் அம்மா வீடு. ஏழாம் மாதம், கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருந்தாள். "நான் அந்தப் பக்கம்தான போறேன், தங்கச்சிய வுட்டுட்டு வரேன்" என்றான் தாவூது. நான் மாதா கோயில் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியது நான்தான். மேடு வந்தால் இறங்கி நடந்துவிடு என்று நினைவுபடுத்தினேன். அவள் தாவூதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இனிமே வேணாங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரப்பர் வைத்தோம், உங்களிடம் மறைத்தோம் என்று ஒரு வார்த்தை. சாவியைப் பிடுங்கியிருப்பேன். கதவுக் கண்ணாடியில் கை வைத்தபடி நான் நின்றது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அவள் கையசைத்தாள்.

தாவூது நாற்பதுக்கு மேல் போகவில்லை என்று எண்ணூர் ரோட்டு டீக்கடைக்காரர் சொன்னதாகச் சொன்னீர்கள். பிள்ளைத்தாச்சி பக்கத்தில் இருக்கிறாள் என்று மெதுவாக ஓட்டியிருக்கிறான். நாற்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. சின்னப் பாலத்தில் ஏறி இறங்கும்போது ஸ்ப்ரிங் நழுவி, வண்டி ஒரு பக்கம் உட்கார்ந்து, எதிரே வந்த ட்ரெய்லருக்கு அடியில் போய்விட்டது. தாவூது அங்கேயே. ஜூடி மறுநாள் காலை. வயிற்றிலிருந்தது பையன் என்று நர்ஸ் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகச் சொன்னார்கள்.

அவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. அவர்கள் என்னிடம் சொல்லாமல் மாற்றினார்கள், நான் அவர்களிடம் சொல்லாமல் மாற்றினேன். முதலில் தொட்டது அவர்கள்.

நீங்கள் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டீர்கள், நான் இரண்டு தடவையும் தண்ணீர் கேட்டேன். ஜூடி அன்றைக்கு வண்டியில் ஏறுவாள் என்று எனக்குத் தெரியுமா என்று. அது தற்செயல், தாவூதுக்கு மட்டும்தான் நான் நினைத்தது என்று எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான் இந்த ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்தேன். ஆனால் என் மாமியாரிடம் நீங்கள் பேசிவிட்டீர்கள் என்று உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமையே எண்ணூருக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலைல ஜூடி தாவூது கூட வண்டில வரா அத்தை, அவளுக்குப் புடிச்ச மீனா பாத்து வாங்கி வைங்க" என்று சொன்னது நான்தான்.