படத்தின் கீழே ஒரு பெயர்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பாதர் அவர்களே, கலாசாலை விரிவுரையாளர்களே, மாணவர்களே, திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மழையில் பஸ் ஏறி வந்திருக்கும் அழகம்மா குடும்பத்தாரே! இந்தச் சிறிலின் வணக்கம் இன்று கனத்துப்போய் வருகிறது.

என்னோடு பணியாற்றிய நமது சித்திர விரிவுரையாளர் ஜெகதீஸ்வரி அம்பலவாணர் மறைந்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்த ஹட்டனில் உழைத்து, புற்றுநோயில் உருக்குலைந்து போய்விட்டார். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் வருகிறது.

வாசலில் ஒட்டியிருக்கும் அஞ்சலிப் பிரசுரத்தைப் பார்த்தீர்களா? அம்மையாரின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? 'படம்: இணையம்'! யாருடைய படத்துக்குக் கீழே, ஐயா, இதை எழுதினீர்கள்? இந்த இரண்டு சொல்லோடு ஓயாமல் சண்டை போட்டவருடைய படத்துக்குக் கீழேயா?

கலாசாலைக்கு இணையம் வந்த புதிதில் ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் வந்து குவிந்தன. ஓவியமோ, கோயில் சிற்பமோ, எல்லாவற்றின் கீழேயும் இதே இரண்டு சொல். அம்மையார் கையெழுத்துப் போட மறுத்தார். "இணையம் படம் எடுக்குமோ? அது தபால்காரன் மாதிரி. கடிதம் எழுதினது ஆர் எண்டு சொல்லுங்கோ" என்பார். வரைந்தவர் யார், எடுத்தவர் யார், படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இணைய முகவரியில் எந்தத் தேதி பார்த்தீர்கள்? இத்தனையும் வேண்டும். தேதி எதற்கு என்று கேட்டால், "நேற்று இருந்த பக்கம் இண்டைக்கு இராது" என்பார்.

2004இல் றொக்சன் என்ற மாணவர், தேயிலைத் தோட்டப் பெண்களைப் பற்றிய தம் கட்டுரையில் ஒரு படம் வைத்தார். தலையில் கூடைக் கயிறு, முகமெல்லாம் மழை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எடுத்துத் தம் இணையப் பக்கத்தில் போட்டிருந்தது. 'கொழுந்து பறிக்கும் பெண், இலங்கை' என்பதற்கு மேல் அங்கே ஒரு சொல் இல்லை. "அந்த மனுசிக்குப் பேர் இல்லையோ?" என்றார் அம்மையார். எடுத்தவருக்கு மின்னஞ்சல் எழுதினார். தோட்டத்தின் பெயர் மட்டும் பதிலாக வந்தது. படத்தை அச்செடுத்துக்கொண்டு அவரும் நானும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் வீடு வீடாகக் காட்டினோம்.

இதோ இங்கே அமர்ந்திருக்கும் அழகம்மா படத்தைக் கையில் வாங்கினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"டீச்சர், இது எங்கம்மாங்க. பேச்சியம்மா. கொழுந்து எடுக்கையில குளவி கொட்டி செத்துப்போச்சுங்க. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் இல்லாம, வெறும் வெளக்கத்தாங்க வச்சோம். இத எங்ககிட்டயே குடுத்துருவீங்களா?"

கேட்டீர்களா? அடையாள அட்டைகூடக் கிடைக்காமலே செத்த பெண்! உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அந்த முகம், பெற்ற பிள்ளைகளின் வீட்டில் மட்டும் இல்லை!

றொக்சனின் கட்டுரையில் பேச்சியம்மாவின் பெயர் ஏறியது. அந்த வெளிநாட்டுப் பக்கத்தில்? அம்மையார் எழுதினார், திரும்பத் திரும்ப எழுதினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை எழாதபோது, தான் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். பதில் இல்லை. இன்று காலையும் பார்த்தேன். 'கொழுந்து பறிக்கும் பெண்' என்றே இருக்கிறது. அந்தப் பெயரை அங்கே பார்க்காமலே அம்மையார் கண்ணை மூடினார்.

நாளை நான் எழுதுவேன். எனக்குப் பின் றொக்சன் எழுதுவார். அவர் இன்று ஆசிரியர். அவருடைய மாணவர்களும் எழுதுவார்கள். அம்மையாருக்கு நாம் கொடுக்கும் வாக்கு இது ஒன்றுதான்! வேறு பூமாலை வார்த்தைகள் அவருக்கு வேண்டாம்.

இனி அந்தப் பிரசுரம். அதில் இருக்கும் அம்மையாரின் படம் வானத்திலிருந்து விழவில்லை. அன்று லயத்திலிருந்து நாங்கள் புறப்படும்போது, என் கமராவை வாங்கி அழகம்மா எடுத்தது. கலாசாலையின் இணையப் பக்கத்தில் ஏற்றியவர்கள் அவருடைய பெயரை விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லையும் பேனாவால் வெட்டிவிட்டு, சரியாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். எழுந்து நின்று கேளுங்கள்:

'ஜெகதீஸ்வரி அம்பலவாணர், பேச்சியம்மாவின் வீட்டு வாசலில். திம்புள்ள, 2004. படம் எடுத்தவர்: பேச்சியம்மாவின் மகள் அழகம்மா.'