எந்த அம்மா

இல்லை, சிறுமியைப் பள்ளி ஒளித்து வைக்கவில்லை. என் பெயரும் முகவரியும் மேலே பதிவானபடி சரி. வயது இருபத்தாறு. இரண்டாம் வகுப்பு ஆசிரியை.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியேற்ற அதிகாரிகளை உள்ளே விடுவதும் இல்லை. இரண்டும் தலைமையாசிரியையின் முடிவு. அவரை நாங்கள் எல்லோரும் 'அம்மா' என்றே கூப்பிடுவோம். என் வகுப்பில் படிக்கும் அந்தச் சிறுமி ஒருமுறை என்னிடம், "டீச்சர், வீட்டு அம்மா என்னை அடிக்கும், ஸ்கூல் அம்மா மணி அடிக்கும்" என்றாள்.

அவளுடைய தாய் சலவைக்கூடத்தில் விடுதி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவர். தங்குவதற்கான அனுமதி இல்லாதவர்.

சம்பவத்தன்று பள்ளி விடுவதற்குச் சற்று முன் குடியேற்ற அதிகாரிகள் இருவர் தாயைத் தேடி வெளிவாசலில் வந்து நின்றனர். தலைமையாசிரியை ஆணையைக் கேட்டார். அவர்களிடம் இல்லை. அங்கேயே காத்திருந்தனர். அதன் பிறகு தலைமையாசிரியை, சிறுமியைத் தன் அறைக்குக் கூட்டிவர ஆயாவை அனுப்பிவிட்டு, தாயை வரவேண்டாம் என்று சொல்லத் தொலைபேசியில் அழைத்தார். தாய் எடுக்கவில்லை.

ஆயா வகுப்பு வாசலில் நின்று, "பாப்பா, அம்மா கூப்பிடுறாங்க, வா கண்ணு" என்றார்.

சிறுமி பையைக்கூட எடுக்காமல், ஆயாவின் கைக்கு அடியில் நுழைந்து வெளிவாசலுக்கு ஓடினாள். "அடியே, அந்த அம்மா இல்லடி!" என்று ஆயா பின்னால் ஓடினார். முழங்கால் வலி உள்ளவர். அதன் பிறகு நானும் ஓடினேன்.

சிறுமி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினாள். எதிர்ப்பக்கம் நின்ற சரக்கு வண்டிக்குப் பின்னாலிருந்து தாய் வெளியே வந்தார். அதிகாரிகளைப் பார்த்துத்தான் அங்கே ஒதுங்கியிருந்தார் என்று நினைக்கிறேன். சாலையைக் கடந்து நேராக வந்தார். அதிகாரி கையைப் பிடித்தபோது, "ஒரு நிமிஷம் சார், பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது" என்றார். கம்பிகளுக்கிடையே கையை விட்டு, தன் சட்டைக் கையால் துடைத்தார். அதன் பிறகு வண்டியில் ஏற்றப்பட்டார்.

ஆயா மீது குற்றமில்லை. நான் போயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சிறுமி இப்போது தலைமையாசிரியையைப் 'பெரிய டீச்சர்' என்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)

கையொப்பமிட்ட பின் சாட்சி, தாய் சிறுமியோடு பேச அனுமதி உண்டா என்று கேட்டார். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.